மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில், அங்கிருப்பவர்களின் நடத்தையைச் சரியாகக் குறித்துவைக்க ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பக்கம், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குறிப்பெழுதச் சொல்லித்தருவது என் பொறுப்பு.

முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது என்று மூன்று கட்டம் போட்ட தாளை எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள். ஆனால் தாள் மட்டும் போதாது. எங்கள் இல்லத்தில் ஐம்பதை நெருங்கும் ஒருவர், மதியமானால் சத்தம் போட்டு, டம்ளரைத் தூக்கி எறிவார். ‘காரணமில்லாமல் கத்தினார், அர்த்தமில்லாத சத்தம், ஆக்ரோஷம்’ என்றே தினமும் எழுதியிருந்தார்கள். நான் காலை ஷிப்ட். அந்தத் தாள்களைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அப்புறம் ஒருநாள், “புரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்த சத்தத்தை அப்படியே எழுதுங்கள்” என்று சொன்னேன். ஜூலு பேசும் அக்கா ஒருவர் ‘தானி, தானி’ என்று எழுதிவைத்திருந்தார். தண்ணி! கத்தியவரின் வீட்டில் ஆங்கிலம்தான் என்றாலும் அவரை வளர்த்தது தமிழ் பேசும் பாட்டி. அந்த ஒரு சொல் அவரிடம் தங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டோடு கொடுத்த புது மாத்திரை வாயை வறளச் செய்யும் வகை. டாக்டரிடம் சொன்னோம், கைக்கெட்டும் இடத்தில் ஒரு ஜக் வைத்தோம். டம்ளர் பறப்பது பெரும்பாலும் நின்றுபோனது.

அதனால் என் வகுப்பில் முதல் வேலை, சில சொற்களைத் தடை செய்வது: ஆக்ரோஷம், பிடிவாதம், காரணமில்லாமல். ஜூலுவில் ‘உயஹ்லுபா’, அதாவது தொல்லை கொடுக்கிறார், அதுவும்தான். ஆனால் ஜூலுவிலேயே எழுதலாம். ஆங்கிலத்துக்குத் தடுமாறும்போதுதான் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

அடுத்தது, ஒரு நடத்தை எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவது. மூன்று நிமிட வீடியோ ஒன்றைப் போட்டு, இரண்டு பேரைத் தனித்தனியாக எண்ணச் சொல்வேன். ஒருவர் 6, இன்னொருவர் 10 என்றால் பொருத்தம் 60 சதவீதம்தான்; 80-க்குக் குறைந்தால் ஏற்பதில்லை. ஆளைக் குறை சொல்லாமல் விளக்கத்தைத் திருத்துவோம். ‘அடித்தல்’ என்றால் கை உடம்பில் பட வேண்டுமா, ஓங்கினாலே போதுமா? தொடர்ந்து மூன்று அடி விழுந்தால் ஒன்றா, மூன்றா? இந்த வாக்குவாதம்தான் உண்மையான பயிற்சி.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். நடந்த கையோடு எழுத வேண்டும். எதுவும் நடக்கவில்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும். வெறுங்கட்டம் ‘பார்க்கவே இல்லை’ என்றும் ஆகலாம்.

“இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?” என்று கேட்பார்கள். 2016-இல் கவுத்தெங் மாகாணத்தில் மனநல நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். பலரைச் சரியான மருத்துவக் குறிப்புகூட இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எண்ணிக்கை ஏறியதற்காக எங்கள் மேற்பார்வையாளர் ஒருமுறை எல்லோரையும் திட்டினார். அடுத்த வாரத் தாளில் வரிசையாகப் பூஜ்யம். ஊழியர்கள் கையில் கீறல் மட்டும் குறையவில்லை. இப்போது எண்ணிக்கை ஏறினால், “இந்த வாரம் யார் புதிதாக எண்ண ஆரம்பித்தது?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.