தாத்தாவின் மஞ்சளும் பேத்தியின் சிவப்பும்

கேள்வி: நாங்கள் பெங்களூருவில் வசிக்கிறோம். பதினொரு வயது மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பெங்களூரு ஐபிஎல் அணி என்றால் அவளுக்கு உயிர். திருவல்லிக்கேணியில் இருக்கும் என் அப்பாவுக்கு 72 வயது. இளவயதிலிருந்தே சேப்பாக்கமே கதி என்று இருந்தவர். 2025 மார்ச் 28 அன்று அவர் வீட்டில் இருந்தோம். அன்றிரவு சேப்பாக்கத்தில் சென்னை அணியை பெங்களூரு 50 ரன் வித்தியாசத்தில் வென்றதும் மகள் கூடத்தில் குதித்து ஆடினாள். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதன்பிறகு அவளிடம் முன்போலப் பேசுவதில்லை. “நம் ஊர் அணியைக்கூடச் சொல்லி வளர்க்கவில்லையே” என்று என்னைக் குறை சொல்கிறார். மகளை அணி மாறச் சொல்லலாமா? நீங்கள் ஐம்பது ஆண்டுகளாக கிரிக்கெட் ரசிகை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அந்தப் பற்று எப்படி வந்தது?
– வாசகி, பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகளை அணி மாறச் சொல்லாதீர்கள். சொன்னாலும் அவளால் மாற முடியாது; உங்கள் அப்பாவுக்காக மாறியதுபோல் நடித்தால், அந்த நடிப்பை முதலில் கண்டுபிடிப்பவரும் அவராகத்தான் இருப்பார். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, நீங்கள் கேட்ட என் கதையையே சொல்கிறேன்.

1975 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடனான டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாளுக்கு என் அப்பா இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். இரண்டாவது டிக்கெட் என் அண்ணனுக்கானது. அவனுக்குக் காய்ச்சல் கண்டதால், ஒன்பது வயதுப் பெண்ணான என்னை, அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத் தூக்கோடு அப்பா அழைத்துப் போனார். எனக்கு அன்று ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய பந்து என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நம்மவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பிப் போவது மட்டும்தான் தெரிந்தது. ஒருவர் மட்டும் போகவில்லை. உயரம் குறைந்த அந்த மனிதர், அத்தனை வேகத்துக்கு நடுவே, நிதானமாகப் பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அவர்தான் குண்டப்பா விஸ்வநாத். கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் ஆட்டமிழந்தபோது இந்தியாவின் மொத்த எண்ணிக்கை 190. அதில் 97 விஸ்வநாத்துடையது. ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்திருந்தார்.

அப்பா எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஒரு நீள நோட்டில் ரன் கணக்கு எழுதுவார். நூறு அடித்தவர் பெயரை மட்டும் சிவப்பு மையால் வட்டமிடுவது அவர் வழக்கம். அன்று 97-ஐச் சுற்றி வட்டமிட்டார். நூறு ஆகவில்லையே என்று நான் கேட்டதற்கு, பேனாவை என்னிடம் கொடுத்து, அந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு முறை வரையச் சொன்னார். எனக்கு இந்திய அணியைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். நான்கு நாட்கள் கழித்து இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்ற செய்தியை வானொலியில் கேட்டது எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்த வட்டம் அப்படியே கண்முன் நிற்கிறது.

பற்று எப்படி வந்தது என்று கேட்டீர்கள். எனக்கு அது பக்கத்து இருக்கையில் இருந்தவர் வழியாக வந்தது. அதனால்தான் தமிழ்நாடு அணியின் மீதான என் பிரியமும் வென்ற ஆண்டுகளைக் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழைத்திருக்கவே முடியாது. 1954-55இல் மதராஸ் என்ற பெயரில், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி, மறுபடி வெல்ல 1987-88 வரை, அதாவது 33 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியை வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் ஒவ்வொரு நாளும் நானும் அப்பாவும் போனோம். அதே நீள நோட்டு வகையில் இம்முறை நான் எழுதினேன், அவர் சரிபார்த்தார். அதன்பின் பலமுறை இறுதிவரை சென்றும் தமிழ்நாட்டுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. ஒரு பருவத்தில்கூட நான் கவனிக்காமல் விட்டதில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் வந்தபோது எனக்கு 42 வயது. ஏலத்தில் சேர்த்த அணி எப்படி நம் அணியாகும் என்று முதலில் தயங்கினேன். ராஞ்சியிலிருந்து வந்த ஒருவரை இந்த ஊர் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டதைப் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போனது. 2016, 2017 ஆகிய இரண்டு கோடைகளில் அந்த அணி தடைசெய்யப்பட்டிருந்தபோது மாலை நேரங்கள் எவ்வளவு வெறுமையாக இருந்தன என்பதை உங்கள் அப்பாவும் அறிவார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என்னைக் கிரிக்கெட்டுக்குள் இழுத்த விஸ்வநாத் யார்? பத்ராவதியில் பிறந்து, கர்நாடகத்துக்கு ஆடியவர். அன்று மறுமுனையில் ஆட்டமிழந்த சந்திரசேகரும் கர்நாடகத்துக்காரர்தான். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பரில் இதே சேப்பாக்கத்தில், மதராசுக்கும், இன்று கர்நாடகம் எனப்படும் மைசூருக்கும் இடையில் நடந்து, ஒரே நாளில் முடிந்துபோனது. இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்த்துத்தான் இந்த ஆட்டத்தை ஆடிவந்திருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு 1975இல் இருபத்தோரு, இருபத்திரண்டு வயது இருந்திருக்கும்; திருவல்லிக்கேணியிலிருந்து சேப்பாக்கம் நடக்கும் தூரம். அந்த 97-ஐ அவர் நேரில் பார்த்திருக்கவும் கூடும். இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது, மகளை விட்டே அதைக் கேட்கச் சொல்லுங்கள். அணியைப் பற்றி வேறு எதுவும் பேச வேண்டாம்.

அவர் மனம் நொந்தது பேத்தி சிவப்புச் சட்டை போட்டதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தான் கண்ணால் கண்டதையெல்லாம் வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆளில்லையோ என்ற பயம் முதியவர்களுக்கு உண்டு. அதைச் சொல்லத் தெரியாமல்தான் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்கிறார். அதற்காக அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது. அவள் அணி சேப்பாக்கத்தில் வென்றது 2008க்குப் பிறகு, 17 ஆண்டுகள் கழித்து. பதினொரு வயதுக் குழந்தை குதிக்கத்தான் செய்வாள். அவர் அவளிடம் பேசாமல் இருப்பதை நிறுத்த வேண்டும். மகள் என்ற உரிமையோடு நீங்கள் அதை அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாளில் நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். வெல்ல 271 ரன் தேவை. முதுகுவலியோடு 136 அடித்த சச்சின் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. 12 ரன்னில் தோற்றோம். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அரங்கத்தில் சற்றுநேரம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அப்பா என் தோளைப் பிடித்து எழுப்பினார், அழுதுகொண்டே தட்டினேன். இதையும் அவளுடைய தாத்தாவே அவளுக்குச் சொல்லலாம். அடுத்த முறை பெங்களூரு வென்றால் அவள் குதிக்கட்டும். குதித்து முடித்ததும் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்காரட்டும்.

விடுமுறையில் அவளைச் சென்னைக்கு அனுப்பும்போது ஒரு நீள நோட்டும் சிவப்புப் பேனாவும் கொடுத்தனுப்புங்கள். ஐபிஎல் ஆட்டம் வேண்டாம். அந்த இரைச்சலில் யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. சென்னையில் ரஞ்சி ஆட்டம் நடக்கும் நாளாகப் பாருங்கள். கர்நாடகத்துடன் என்றால் இன்னும் நல்லது. கணக்கு எழுதுவது எப்படி என்று தாத்தா காட்டட்டும். தமிழ்நாட்டுப் பக்கத்தை அவள் எழுதட்டும், கர்நாடகப் பக்கத்தை அவர் எழுதட்டும்.