வரப்போகும் லென்ஸ்களும் கேமராக்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒளிப்படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. ஆனால் அண்மைக் காலமாகப் படம் எடுக்கும் நேரத்தைவிட, அடுத்து எந்த கேமரா வரும், எந்த லென்ஸ் வரும் என்று படித்துக்கொண்டிருக்கும் நேரமே கூடிவிட்டது. இந்த ஊகங்களால் ஏதேனும் பயன் உண்டா?

பதில்: உண்டு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எதை வைத்து ஊகிக்கிறோம் என்பது முக்கியம். யாரோ சொன்னார் என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு வெளியீட்டுத் தேதி குறிப்பதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மவுண்ட் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம்) என்ன அளவு, அதன் லென்ஸ் வரிசையில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது, ஒளியியல் எதற்கு இடம் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தால், அந்த முடிவு பொய்த்துப்போனாலும் வழியில் கற்றது நம்மிடம் தங்கிவிடும்.

2018-இல் நிக்கான் இசட் மவுண்ட்டை அறிவித்தபோது வெளியான இரண்டு எண்களைப் பாருங்கள். மவுண்ட்டின் உள்விட்டம் 55 மி.மீ.; மவுண்ட்டின் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையேயுள்ள தூரம் 16 மி.மீ. 1959 முதல் இருந்துவந்த எஃப் மவுண்ட்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடி எழுந்து இறங்க இடம் விட வேண்டியிருந்ததால், அகலக்கோண லென்ஸ்களின் கடைசி வில்லையைச் சென்சாருக்கு அருகே கொண்டுவர முடியவில்லை. அதனாலேயே அவை பருத்துக் கனத்தன. அந்தத் தடை நீங்கியதும் முதலில் பயனடையப்போவது அகலக்கோண லென்ஸ்கள்தாம் என்பதை அன்றே கணித்திருக்கலாம். 2007-இல் எஃப் மவுண்ட்டுக்காக வந்த 14-24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் (மி.மீ. எண் குவியத் தூரம், அது சிறிதானால் கோணம் அகலும்; எஃப் எண் ஒளித்துளையின் அளவு, அது சிறிதானால் துளை பெரிது) ஏறத்தாழ 1 கிலோ எடை. 2020-இல் இசட் மவுண்ட்டுக்காக வந்த அதே வீச்சுள்ள லென்ஸ் 650 கிராம். இத்தகைய ஊகத்தில் செலவிடும் நேரம் வீணன்று.

கேள்வி: புதிய லென்ஸ் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது என்று செய்தி வந்தால், அந்த லென்ஸ் கட்டாயம் கடைக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த விண்ணப்பத்தில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

பதில்: ஒரு வடிவமைப்பாளர் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார் என்பதற்குத்தான் காப்புரிமை விண்ணப்பம் சான்று. அதைத் தயாரித்து விற்கலாமா என்பதை வேறு ஆட்கள், வேறு காரணங்களுக்காக முடிவு செய்கிறார்கள். மேலும், விண்ணப்பம் பொதுவாகத் தாக்கலான நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்தே வெளியிடப்படுகிறது. ஆகவே நாம் இன்று படிப்பது ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய யோசனையை. சில வேளைகளில் அந்த லென்ஸ் ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருக்கும்; வேறு பல யோசனைகள் தாளோடு நின்றுவிடும்.

ஆனால் விண்ணப்பத்தில் உள்ள எண் அட்டவணையைப் படிக்கத் தெரிந்துகொள்வது இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும் பெரிய இன்பங்களுள் ஒன்று. குவியத் தூரம் 72.00 முதல் 194.00 வரை, எஃப் எண் 2.90, பிம்ப உயரம் 21.64 என்று ஓர் அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். கணக்கில் வரும் எண்கள் இப்படித்தான் தோராயமாக்கப்படாமல் இருக்கும். லென்ஸின் மேல் அச்சிடும்போது இது 70-200 மி.மீ. எஃப்/2.8 ஆகிவிடும். பிம்ப உயரம் என்பது சென்சாரின் மூலைவிட்டத்தில் பாதி. 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்டகச் சென்சாருக்கு அது சுமார் 21.6, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுக்கு 14-ஐ ஒட்டி வரும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 10.8 அளவில் இருக்கும். எந்த வகைக் கேமராவுக்கான லென்ஸ் என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, கடைசி வில்லைக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது 15 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தால் லென்ஸ் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கானது என்று துணிந்து சொல்லலாம். இடைவெளி பெரிதாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது. ஏனெனில் தொலைவில் உள்ளதை அருகே காட்டும் நீண்ட டெலி லென்ஸ்கள் மிரர்லெஸ்ஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டாலும் பின்னால் நிறைய இடம் விட்டிருக்கக்கூடும்.

மொத்த நீளம் என்ற வரிசையை மட்டும் பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள். அந்த நீளம் முன் வில்லையிலிருந்து சென்சார் வரை அளக்கப்படுவது. கேனான் ஆர்எஃப் மவுண்ட் என்றால் 20 மி.மீ., சோனி இ மவுண்ட் என்றால் 18 மி.மீ. கழித்தால்தான் கேமராவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் நீளம் ஓரளவு கிடைக்கும். அதே வரிசையில், குவியத் தூரம் மாற மாற மொத்த நீளமும் மாறினால், அது ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீளும் லென்ஸ். நீளம் மாறாவிட்டால் உள்ளுக்குள்ளேயே நகரும் அமைப்பு. கேனான் இந்த இரு வகைகளையும் ஒரே வீச்சில் விற்றிருக்கிறது: ஆர்எஃப் மவுண்ட்டில் முதலில் வந்த 70-200 மி.மீ. எஃப்/2.8 வெளியே நீளும்; 2024-இல் வந்த இன்னொரு 70-200 எஃப்/2.8 நீளாது. ஒரே விண்ணப்பத்தில் நான்கைந்து வடிவங்களைச் சேர்த்துக் காட்டுவது வழக்கம் என்பதால், அத்தனையும் தனித்தனி லென்ஸ்களாக வரப்போகின்றன என்று எண்ணிவிட வேண்டாம். எதை விற்றாலும் பாதுகாப்பு இருக்கட்டும் என்று அக்கம்பக்கத்து அளவுகளையும் சேர்த்தே எழுதிவைப்பார்கள்.

கேள்வி: 200-600 மி.மீ. வீச்சு முழுவதும் எஃப்/4 அபெர்ச்சர் (ஒளித்துளை), கையில் பிடித்தே எடுக்கும் அளவுக்குச் சிறியது என்று ஒரு லென்ஸைப் பற்றிப் படித்தேன். நடக்கக்கூடியதா?

பதில்: குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. அந்த லென்ஸின் முன் வில்லை குறைந்தது 150 மி.மீ. விட்டம் இருந்தாக வேண்டும்; எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இதைக் குறைத்துவிடாது. எடையை வில்லையின் பொருளாலும் குழாயின் உலோகத்தாலும் கொஞ்சம் குறைக்கலாம். அகலத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே "சிறியது" என்ற சொல் அந்தச் செய்தியில் இடம்பெற்றிருந்தால் அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. இதே கணக்கில் 70-200 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு 100 மி.மீ. அகல வில்லை போதும். அது பெரியதுதான், ஆனால் செய்யக்கூடியது. ஆகவே அப்படியொரு ஊகம் வந்தால் நான் ஒதுக்கமாட்டேன்.

கேள்வி: நிறுவனமே வெளியிடும் லென்ஸ் திட்ட வரைபடத்தை முழுமையாக நம்பலாம் அல்லவா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம், முழுமையாக நம்ப முடியாது. ஃபியூஜிஃபிலிம் 2018-இல் தன் எக்ஸ் மவுண்ட் திட்டத்தில் 33 மி.மீ. எஃப்/1.0 என்ற லென்ஸைச் சேர்த்தது. வடிவமைத்துப் பார்த்தபோது அளவும் எடையும் வரம்பு மீறின. அதைக் கைவிட்டு, 50 மி.மீ. எஃப்/1.0 லென்ஸை 2020-இல் கொண்டுவந்தது. நிக்கான் தன் இசட் மவுண்ட் திட்டத்தில் 200-600 என்று காட்டிவந்த லென்ஸ், 2023-இல் 180-600 மி.மீ. ஆக வந்தது. இந்த மாற்றம் பயனருக்குச் சாதகமானது. இன்னொன்று வருத்தமானது: 2016 பிப்ரவரியில் நிக்கான் டிஎல் என்ற பெயரில் மூன்று சிறிய கேமராக்களை முறையாக அறிவித்து, படங்களையும் வெளியிட்டு, ஓராண்டு கழித்து அவற்றை விற்பனைக்கு விடாமலேயே நிறுத்திவிட்டது. அறிவிக்கப்பட்ட பொருளே வராமல் போகும் என்றால், அறிவிக்கப்படாததை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கேள்வி: புதிய பாடிகள் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்கள்) பற்றிய தகவல் முன்கூட்டியே கசிவதும், லென்ஸ்கள் பற்றிக் கடைசி வரை ஒன்றும் தெரியாமலிருப்பதும் ஏன்?

பதில்: பாடிக்குள் வைஃபை, புளூடூத் இருப்பதால், வானொலி அலை வெளியிடும் கருவிகளுக்கான அனுமதியைப் பல நாடுகளில் விற்பனைக்கு முன்பே பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவில் குறியீட்டு எண் வெளியே வந்துவிடும். லென்ஸுக்கு அந்தத் தேவை இல்லை.

கேள்வி: ஒரு பாடி வந்து எத்தனை ஆண்டுகளுக்குள் அடுத்தது வரும் என்று பழைய இடைவெளிகளை வைத்துக் கணக்கிடுவது சரியா?

பதில்: காலத்தை ஓரளவு சரியாகச் சொல்லலாம், எந்தப் பொருள் வரும் என்பதில்தான் கணக்கு ஏமாற்றிவிடும். கேனான் 5டி வரிசை 2005, 2008, 2012, 2016 என்று வந்தது. நான்கு ஆண்டு கூட்டி 2020-இல் அடுத்த 5டி வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆண்டு பிசகவில்லை. ஆனால் 2020-இல் வந்தது வேறு மவுண்ட் கொண்ட மிரர்லெஸ் ஆர்5. ஐந்தாவது 5டி வரவே இல்லை. நிக்கான் பயனர்கள் பட்ட பாடு இதைவிடப் பெரிது. 2009-இல் டி300எஸ் வந்தபின், அதன் அடுத்த பதிப்புக்கு டி400 என்று அவர்களே பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் பேசிவந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு கேமராவும் வரவில்லை. எல்லாரும் நம்பிக்கை இழந்த பிறகு, 2016 தொடக்கத்தில் டி500 என்ற பெயரில் அருமையான கருவி ஒன்று வந்து சேர்ந்தது.

சீராகத் தொடரும் இடைவெளி என்று நான் மதிப்பது விளையாட்டு ஒளிப்படக்காரர்களுக்கான உயர்நிலைப் பாடிகளை மட்டுமே. ஒலிம்பிக் ஆண்டுகளை ஒட்டி அவை வருவது நீண்ட நாள் வழக்கம். டோக்கியோ போட்டி 2020-க்குத் திட்டமிடப்பட்டிருந்ததால், கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகிய இரண்டும் அவ்வாண்டின் முதல் இரு மாதங்களிலேயே அறிவிக்கப்பட்டன. கேனான் ஆர்1 பாரிஸ் போட்டி நடந்த 2024-இல் வந்தது.

கேள்வி: குளோபல் ஷட்டர் இனி எல்லா கேமராக்களிலும் வந்துவிடுமா?

பதில்: விரைவில் வராது என்பதே என் ஊகம். வழக்கமான சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால், வேகமாக நகரும் பொருள் சாய்ந்து பதிவாகிறது. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் பதிவாகும், அதாவது குளோபல் ஷட்டர் கொண்ட, முழுச் சட்டகச் சென்சாரை 2023 நவம்பரில் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் முதன்முதலாகத் தந்தது. நொடிக்கு 120 படங்கள், எந்த ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் என்ற வசதிகள் அதனால் வந்தன. ஆனால் அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சாரின் இயல்பான குறைந்தபட்ச ஒளியுணர்திறன்) 250-ஆக உயர்ந்தது. தெளிவுத்திறன் சுமார் 24.6 மெகாபிக்சலோடு நின்றது. நிலக்காட்சி எடுப்பவருக்கு இந்த இழப்பு கட்டுப்படியாகாது.

அதன்பின் வந்தவற்றைப் பாருங்கள். ஓராண்டு கழித்து வந்த சோனி ஏ1 இரண்டாம் பதிப்பு, 2024 நடுவில் வந்த கேனான் ஆர்1, ஆர்5 மார்க் 2 ஆகிய மூன்றுமே, வரிசைகளை வேகமாகப் படிப்பதற்காக மின்சுற்றைப் பின்னால் அடுக்கிய அடுக்குச் சென்சாரையே தேர்ந்தெடுத்தன. நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பு, பகுதி மட்டும் அடுக்காக அமைந்த சென்சாரை நடுத்தர நிலைக்குக் கொண்டுவந்தது. ஆகவே, விரைவாகப் படிக்கும் அடுக்குச் சென்சார்கள் கீழ்நிலைப் பாடிகளுக்கு மெல்ல இறங்கும், குளோபல் ஷட்டர் விளையாட்டுக் கேமராக்களிலேயே சில காலம் தங்கும் என்று எண்ணுகிறேன்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் லென்ஸுக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது என்கிறார்கள். வாங்காமல் காத்திருக்கலாமா?

பதில்: புதியது உருவாக்கத்தில் இருப்பதாக நிறுவனமே அறிவித்திருந்தால் காத்திருங்கள். கேனான் ஆர்5 உருவாக்கத்தில் இருப்பதாக 2020 பிப்ரவரியில் சொல்லப்பட்டு ஜூலையில் வெளியானது. நிக்கான் இசட்9 2021 மார்ச்சில் சொல்லப்பட்டு அக்டோபரில் வெளியானது. அரையாண்டுக் காத்திருப்பு யாருக்கும் பெரிதல்ல. பேச்சு மட்டும்தான் உலவுகிறது என்றால் வாங்கிவிடுங்கள். கேனானின் முதல் 100-400 மி.மீ. ஜூம் 1998-இல் வந்தது. இரண்டாவது பதிப்பு 2014 நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் புதிய பதிப்பு இதோ வருகிறது என்ற பேச்சு ஓயவே இல்லை. பாடிகளோடு ஒப்பிட்டால் லென்ஸ்களின் ஆயுள் நீண்டது என்பதை இது ஒன்றே காட்டும்.

கேள்வி: நீங்கள் மிகவும் எதிர்பார்க்கும் லென்ஸ் எது?

பதில்: நிக்கான் இசட் மவுண்ட்டுக்கென வடிவமைத்த சிறிய 300 மி.மீ. எஃப்/4. எஃப் மவுண்ட்டில் 2015-இல் வந்த 300 மி.மீ. எஃப்/4 பிஎஃப் லென்ஸ் 755 கிராம்; அதற்கு முந்தையது ஏறத்தாழ இரு மடங்கு கனம். ஒளியை விளிம்புவிளைவால் வளைக்கும், பிஎஃப் எனப்படும் ஃபிரனெல் வில்லை ஒன்று உள்ளே இருப்பதால்தான் இவ்வளவு சுருங்க முடிந்தது. சட்டகத்துக்குள் கடுமையான ஒளி மூலம் இருந்தால் அதைச் சுற்றி வண்ண வளையம் தெரியக்கூடும் என்பது இந்த வில்லையின் குறை. இசட் மவுண்ட்டில் 2022-இல் 800 மி.மீ. எஃப்/6.3, 2023-இல் 600 மி.மீ. எஃப்/6.3 என இதே நுட்பத்தில் இரண்டு வந்திருப்பதால், நிறுவனம் அதைக் கைவிடவில்லை என்பது தெளிவு. எதிராகவும் ஒரு காரணம் உண்டு: பழைய லென்ஸ், எஃப் மவுண்ட் லென்ஸை இசட் பாடியில் பொருத்தும் 30.5 மி.மீ. நீளமுள்ள எஃப்டிஇசட் இணைப்பானோடு இசட் பாடிகளில் நன்றாகவே இயங்குகிறது. 2022-இல் வந்த 400 மி.மீ. எஃப்/4.5 லென்ஸும் அருகிலேயே நிற்கிறது. இவற்றை எடைபோட்டால் வாய்ப்பு சரிபாதி என்பேன். வருமானால், மேற்சொன்ன வகுத்தல் கணக்கின்படி முன் வில்லை 75 மி.மீ. அளவில் இருக்கும், நீளம் இணைப்பானோடு சேர்ந்த பழைய லென்ஸைவிடக் குறையும், எடையும் 755 கிராமைத் தாண்டாது.