தமிழ் விசைப்பலகை மென்பொருளை வைரஸ் என்று கணினி தடுக்கிறது. பாதுகாப்பை அணைத்துவிடலாமா? முழு ஸ்கேன் தினமும் ஓட வேண்டுமா?

அணைக்காதீர்கள். "அணைத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்று யாரோ பழுது பார்ப்பவர் உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகையும் பதாகையும் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். தைப்பூசம் நெருங்கிய நேரம், பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல் பதாகைக்கு எழுத்துக் கோக்க உட்கார்ந்தால் திரையில் ஆங்கில எழுத்துகளாக வந்து விழுகின்றன. விசைப்பலகை மென்பொருளைக் காணவில்லை. வந்து பார்த்தவர், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பை அணைத்தார், 80 ரிங்கிட் வாங்கினார், போய்விட்டார். அவர் படி இறங்குவதற்குள் அதைத் திரும்பப் போட்டேன்.

பாதுகாப்பு வரலாற்றைத் திறந்தால் விசைப்பலகைக் கோப்பு தனிமைப்படுத்தலில், அதாவது அழிக்காமல் ஓட முடியாதபடி பூட்டி வைக்கும் இடத்தில், கிடந்தது. விசைத் திருடன் என்று சந்தேகமாம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் நடுவில் பிடித்துத்தான் இந்த மென்பொருள் தமிழெழுத்தாக மாற்றுகிறது. கடவுச்சொல் திருடும் நிரலும் அப்படித்தான் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, சிறிய மென்பொருள்கள் பலவற்றில், எழுதியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் இருப்பதில்லை. கையொப்பமிடத் தேவையான சான்றிதழுக்குக் காசு வேண்டும். மலாய்ப் பதாகைக்குக் கேட்ட விலையைத் தருபவர்கள் தமிழ்ப் பதாகை என்றதும் பேரம் பேசும் ஊரில், தமிழ் மென்பொருள் எழுதுபவர் எதைக் கொண்டு வாங்குவார்?

அந்த மென்பொருளின் நிறுவல் கோப்பை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றினேன். ஏறத்தாழ 70 நிறுவனங்களின் சோதனைப் பொறிகள் அங்கே ஒரே நேரத்தில் பார்க்கும். இரண்டு மூன்று மட்டும், அதுவும் குறிப்பிட்ட வைரஸின் பெயரைச் சொல்லாமல் பொதுப்பெயர் சூட்டிக் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல பொறிகள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் அழித்துவிடுங்கள். இத்தனை வந்தால் பத்திரம் என்று நான் கணக்குச் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வாடிக்கையாளர் கோப்புகளை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், அவை பிறர் கைக்கும் போகும்.

பிறகு மென்பொருளை எழுதியவர் தளத்திலிருந்தே மீண்டும் இறக்கி, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண் அவர் தளத்தில் கொடுத்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தேன். பதிவிறக்கக் கோப்புறைக்கோ சி டிரைவுக்கோ கொடுப்பது கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். மைக்ரோசாஃப்டுக்கு மறுஆய்வுக்கும் அனுப்பினேன். நீங்களும் அனுப்புங்கள், அடுத்தவருக்கும் உதவும்.

பெரிய நிறுவனங்களும் தவறும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் புதுப்பிப்பு விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று தூக்கியதில் உலகெங்கும் கணினிகள் முடங்கின. ஆகவே கண்டதும் அழிக்கும்படி வைக்காமல், தனிமைப்படுத்தும்படி வையுங்கள்.

முழு ஸ்கேன் தினமும் தேவையில்லை. நிகழ்நேரப் பாதுகாப்பு எப்போதும் இருக்கட்டும், விரைவு ஸ்கேன் தினம் ஓடட்டும், முழு ஸ்கேனை மாதம் ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் விடுங்கள். ஆனால் டிஃபெண்டரின் முழு ஸ்கேன், நாமாக மாற்றி வைக்காவிட்டால், பென் டிரைவைப் பார்ப்பதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு பென் டிரைவையும் வலது சொடுக்கித் தனியாக ஸ்கேன் செய்த பிறகே திறக்கிறேன். எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் வாடிக்கையாளர் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.