சளி போய்விட்டது, இருமல் போகவில்லையே!

கேள்வி: சளி, காய்ச்சல் எல்லாம் சரியாகி மூன்று வாரம் ஆகிறது. வறட்டு இருமல் மட்டும் விட மாட்டேன் என்கிறது. பகலில் பரவாயில்லை, படுத்தால் போதும், தொண்டையில் குறுகுறுவென்று ஆரம்பித்துத் தூங்கவே விடுவதில்லை. இரண்டு பாட்டில் சிரப் காலி. ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்களாக வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். கிருமி போய்விட்டாலும் அது புண்ணாக்கிய சுவாசக்குழாயின் உள்தோல் இன்னும் ஆறவில்லை, அங்குள்ள நரம்புகள் தொட்டால் சிணுங்குகின்றன, அதனால்தான் குளிர்காற்று, வாசனைத் திரவியம், கொஞ்சம் பலமான சிரிப்பு என்று எதற்கெடுத்தாலும் இருமல் வருகிறது. இதில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. சளிக்குப் பின் இருமல் 3 முதல் 8 வாரம் வரை இழுப்பது சகஜம்தான்.

ஒவ்வொரு இருமலும் ஆறிவரும் புண்ணைச் சொறிவது மாதிரி. அதனால் குறுகுறுப்பு வந்ததும் இருமிவிடாமல் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் ஒரு மடக்கு. முதலில் கஷ்டமாக இருக்கும், பழகப் பழக இருமல் குறையும்.

படுத்தால் அதிகமாகிறது என்கிறீர்களே, அதைக் கவனிக்க வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் மூக்கு நீர் தொண்டைக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் வயிற்று அமிலம் மேலே வருகிறது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். இரண்டுக்கும் தலைப்பக்கம் உயரமாக இருப்பது நல்லது. தூங்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் நிச்சயம் இதமாக இருக்கும் (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது). புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தாமல் வேறு எது செய்தும் பலன் குறைவுதான்.

சிரப் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சளியை இளக்கும் மருந்து இருக்கும், இளக்கச் சளியே இல்லாத உங்களுக்கு அது எதற்கு?

சரி, டாக்டரிடம் எப்போது போவது? இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், வீசிங், மறுபடி காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே. வீட்டில் யாருக்காவது காசநோய் என்றாலும் காத்திருக்காதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் 8 வாரத்தைத் தாண்டினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இதே மாதிரி வறட்டு இருமலைக் கொடுக்கும். அப்படியென்றால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம்.