இருண்டுபோகும் ஒளிப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி (காரைநகர்): அண்ணா, கசூரினாக் கடற்கரையில் பட்டப்பகலில் எடுத்தாலும் பிள்ளைகளின் முகம் கறுத்துவிடுகிறது. இவ்வளவு வெயில் இருந்தும் ஏன்?

பதில்: அந்த வெயிலே காரணம். கமராவின் ஒளியளவி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது. வெண்மணலும் வானமும் சட்டத்தை நிறைக்கும்போது, அவற்றைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியைக் குறைத்துவிடுவதால் முகங்கள் இருண்டுவிடுகின்றன. வெளிப்பாட்டுத் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கமரா அமைப்பை) +1 ஆகக் கூட்டுங்கள், போதாவிட்டால் இன்னும் சிறிது கூட்டலாம். வானம் வெளிறினால் வெளிறட்டும். பிள்ளையின் படத்தில் முகமே முதன்மையானது.

கேள்வி (கோண்டாவில்): பிறகு லைட்றூம் என்ற படத்திருத்த மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டினால் போதாதா? நான் கூட்டினால் மணமகளின் கூந்தல் முழுவதும் நிறப்புள்ளிகள் வருகின்றன.

பதில்: மென்பொருள் புதிய ஒளியைக் கொண்டுவருவதில்லை, பதிவான சிறிதளவு ஒளியையும் அதனோடு கலந்த இரைச்சலையும் (தேவையற்ற புள்ளிகளையும்) சேர்த்தே பெருக்குகிறது. ஒரு ஸ்ரொப் குறைத்தால் ஒளி பாதியாகும். மூன்று ஸ்ரொப் குறைத்து எடுத்த படத்தில், ஒளியைப் பதியும் சென்சருக்குக் கிடைத்தது தேவையான ஒளியில் எட்டில் ஒரு பங்குதான். அதிலும் கமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. சென்சரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் றோ கோப்பில் 16,384 உள்ளன. ஆகவே கலியாண வீடுகளில் றோவில் எடுப்பதையே நான் வற்புறுத்துவேன். திருத்தும்போது முகத்தைப் பார்த்தபடி எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) கூட்டி, பட்டுச் சேலையின் சரிகை வெளிறாதவாறு ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, அதன் பின்னரே ஷாடோஸை (நிழற்பகுதிகளை) சிறிதளவு உயர்த்துங்கள். ஷாடோஸை எல்லைவரை இழுத்தால் கூந்தல் சாம்பல் பூத்தது போலாகிவிடும். பிளாக்ஸை (மிகக் கறுத்த பகுதிகளை) சற்றுக் குறைத்தால் கருமை மீளும். எஞ்சும் நிறப்புள்ளிகளை நிற இரைச்சல் நீக்கியால் தணிக்கலாம்.

கேள்வி (சாவகச்சேரி): மண்டபத்துக்குள் ஐ.எஸ்.ஓ.வை (கமராவின் ஒளியுணர்திறன் அளவை) 400க்கு மேல் கூட்டப் பயமாக இருக்கிறது, ஐயா.

பதில்: பயம் வேண்டாம். 400இல் இருட்டாக எடுத்துப் பின்னர் மூன்று ஸ்ரொப் உயர்த்துவதைவிட, 3200இல் சரியாக எடுத்த படமே பெரும்பாலும் துப்புரவாக இருக்கும். அதற்கும் முன்னதாக வில்லையைத் திறவுங்கள்: எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வில்லையின் துவாரம் பெரிதாகும், எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

கேள்வி (பருத்தித்துறை): நல்லூர்த் திருவிழாவில் இரவில் எடுக்கும்போது ஹிஸ்ரோகிராம் (இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) இடப்பக்கமே குவிகிறது. அது பிழையா?

பதில்: பிழையன்று. இரவு வானம் கருமையாகவே இருக்க வேண்டும். அதை நிரப்ப முயன்றால் விளக்குகளைச் சுற்றிய விவரங்கள் மீட்க முடியாதவாறு வெளிறிவிடும். படத்தைத் திரையில் பெருப்பித்து, அடியார்களின் முகமும் வெள்ளை வேட்டியின் மடிப்புகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை தெரிந்தால் வெளிப்பாடு சரி.