மவுஸ் மாற்றினால் ரேங்க் ஏறுமா?

வணக்கம் அண்ணா,

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து வந்ததும் தம்பியோடு வாலரண்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவேன். ரேங்கில் அவன் பிளாட்டினம். நான் இரண்டு வருடமாக அதற்கு இரண்டு படி கீழே, சில்வரிலேயே கிடக்கிறேன். முதலில் ஒரு சாதா ஆபீஸ் மவுஸில்தான் ஆடிக்கொண்டிருந்தேன். "அக்கா, இதை வெச்சுக்கிட்டு ஈ கூட ஓட்ட முடியாது" என்று தம்பி ஓயாமல் கிண்டலடிக்கவே, தீபாவளி போனஸில் ஒன்பதாயிரம் கொடுத்து வயர்லெஸ் கேமிங் மவுஸ் வாங்கினேன். 26,000 டிபிஐ. பெரிய சைஸ். யூடியூபில் ஒருவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்தது.

இப்போது முன்பைவிட மோசமாக ஆடுகிறேன். டிபிஐயை 3200இல் வைத்திருக்கிறேன். கேமுக்குள் சென்ஸ் (மவுஸ் அசைவுக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புவது என்ற அமைப்பு) பழைய 0.8தான், அதைத் தொடவில்லை. கிட்டே வருபவர்களை எப்படியோ சுட்டுவிடுகிறேன். தூரத்தில் நிற்பவன் தலையில் மட்டும் குறி நிற்க மாட்டேன் என்கிறது. மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பதில் மோதிர விரல் வேறு வலிக்கிறது. எனக்குச் சின்னக் கை.

கேமிங் மவுஸ் என்பதே ஏமாற்று வேலையா? இல்லை, இதை விற்றுவிட்டு தம்பி சொல்கிற 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா?

ர., ஈரோடு

*

அன்புள்ள ர.,

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஒன்று, உங்கள் கைக்கு வேண்டியது வேறொன்று. உங்கள் பிரச்சினைக்கான காரணத்தை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்: 3200, 0.8. ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவருக்குக் கணக்கு புதிதல்ல, வாருங்கள் போட்டுப் பார்ப்போம்.

மவுஸின் அடியில் ஒரு சின்னக் கண் இருக்கிறது. அது மேசைப் பரப்பை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் எடுத்து, முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. நகர்ந்ததைத் துண்டு துண்டாக எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஓர் அங்குலத்தை எத்தனை துண்டாக எண்ணுவது என்பதுதான் டிபிஐ. எண் கூடினால் மவுஸ் துல்லியமாகிவிடும் என்பது கடைக்காரர் பேச்சு. 26,000 டிபிஐயை அப்படியே டெஸ்க்டாப்பில் வைத்தால், ஓர் அங்குலம் அசைத்ததும் உங்கள் அம்புக்குறி 1920 பிக்ஸல் அகலமுள்ள திரைகள் பதின்மூன்றைத் தாண்டிப் போய்விடும். அதை வைத்து யார் என்ன செய்ய?

வாலரண்டில் சென்ஸ் 1 என்றால் ஒரு துண்டுக்கு 0.07 டிகிரி திரும்புவீர்கள். உங்கள் அமைப்பில் 3200 × 0.8 × 0.07. ஓர் அங்குலத்துக்கு 179 டிகிரி வருகிறது. அதாவது இரண்டு அங்குலம், 5 சென்டிமீட்டர், கையை நகர்த்தினால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுவீர்கள். தொழில்முறையில் வாலரண்ட் ஆடுபவர்களிடம் சகஜமாகக் காணும் அமைப்பு 800 டிபிஐ, 0.3 சென்ஸ் அளவில் இருக்கும். அதே கணக்கில் அவர்களுக்கு ஒரு முழுச் சுற்றுக்கு 54 சென்டிமீட்டர் வேண்டும். உங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெதுவான மவுஸ்.

இப்போது தூரத்தில் நிற்பவனின் தலைக்கு வருவோம். திரையில் அது அரை டிகிரி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை டிகிரிக்குள் குறியை நிறுத்த உங்கள் கை 0.07 மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்க வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமன் அது. 54 சென்டிமீட்டர்காரருக்கு அதே தலை முக்கால் மில்லிமீட்டர். முக்கால் மில்லிமீட்டர் என்பது பழகினால் கைக்கு எட்டுகிற விஷயம். தலைமுடி அளவு யாருக்கும் எட்டாது, உலகச் சாம்பியனே வந்தாலும் சரி.

கிட்டே வருபவனை எப்படிச் சுட்டுவிடுகிறீர்கள் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவன் திரையில் பெரிதாகத் தெரிகிறான், சட்டென்று திரும்பிக் கொத்தாகச் சுட்டால் ஏதாவது ஒரு குண்டு படும். வாண்டல் துப்பாக்கியில் தலையில் ஒரு குண்டு, எத்தனை தூரமானாலும், ஆள் காலி. அந்த ஒரு குண்டுதான் உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

பழைய மவுஸில் ஏன் இதைவிட நன்றாக ஆடினீர்கள்? சாதா ஆபீஸ் மவுஸ்கள் பெரும்பாலும் 1000 டிபிஐயில் ஓடுபவை. அதே 0.8 சென்ஸில் உங்களுக்கு ஒரு முழுச் சுற்று 16 சென்டிமீட்டர் இருந்திருக்கும். புது மவுஸ் வந்த அன்றே, நீங்கள் கேமில் எதையும் தொடாமலே, எல்லாம் மூன்று மடங்கு வேகமாகிவிட்டது. இரண்டு வருடம் கை கற்றது அன்றோடு செல்லாக்காசு. தம்பி கிண்டல் செய்த மவுஸ்தான் உங்களைச் சில்வரிலாவது வைத்திருந்தது என்று அவனிடம் சொல்லுங்கள்.

ஆகவே இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: டிபிஐ 800, சென்ஸ் 0.4. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். முதல் சில நாள் நரகமாக இருக்கும். பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்துவிடுவீர்கள், மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பழகியவருக்கு முழங்கையிலிருந்து கையை நகர்த்த வேண்டியிருக்கும், மேசையில் தண்ணீர் பாட்டிலும் ஹெட்செட்டும் இடிக்கும். 40 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் ஒரு துணி மவுஸ்பேட் வேண்டும், சில நூறு ரூபாய்தான். பெரிய விலையில் ஒரு மவுஸ் வாங்கி அதை உள்ளங்கை அளவு பேடில் ஓட்டுகிற பலரைப் பார்த்திருக்கிறேன். பணத்தைப் பேடில் போட்டிருந்தால் பலன் அதிகம். பிறகு முக்கியமானது, அந்த எண்ணைத் தொடாதீர்கள். இரண்டு ஆட்டம் தோற்றதும் 0.35, மறுநாள் 0.45 என்று மாற்றிக்கொண்டே இருப்பது ஒரு வியாதி. ஒரு மாதம் ஒரே எண்.

அடுத்தது விரல் வலி. இங்கேதான் உங்கள் மவுஸ்மேல் குற்றம் இருக்கிறது, அதுவும் அதன் உருவத்தின்மேல். பெரிய சைஸ் மவுஸ் என்பது முழு உள்ளங்கையும் மேலே படிகிற பிடிக்காகச் செய்யப்படுவது. நடுவில் மேடு, வலப்பக்கம் மோதிர விரல் படுக்க ஒரு சரிவு. சின்னக் கை அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்ததும் விரல்கள் பட்டனின் நுனிவரை போவதில்லை. நடுவில் அழுத்துவீர்கள். நடுவில் பட்டன் கெட்டி. கெட்டியாக அழுத்தும்போது மவுஸே மயிரிழை நகரும், குண்டு விடுபடுகிற அதே நேரத்தில். தூக்கி வைக்கும்போது கட்டைவிரலும் மோதிர விரலும் மட்டும் இருபுறமும் கவ்வ வேண்டும். சரிவான பக்கத்தில் பிடி நிற்காது, விரல் இறுக்கும், இறுக்கினால் நடுங்கும். வலிக்காமல் என்ன செய்யும்?

சென்ஸைக் குறைத்தால் இன்னும் அதிகமாகத் தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் எடையும் உருவமும் உங்களுக்கு டிபிஐயைவிட நூறு மடங்கு முக்கியம். இந்தத் துறையில் உண்மையாக நடந்த முன்னேற்றம் என்று நான் நினைப்பதும் எடைதான். 2018இல் லாஜிடெக்கின் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராமில் வந்தபோது வயர்லெஸில் இது சாத்தியமா என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். 2020இல் அதே நிறுவனத்தின் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே போனது. பெரிய போட்டிகளில் மேசைக்கு மேசை அது தெரிந்ததற்குக் காரணம் ஸ்பான்சர் மட்டுமில்லை.

உருவம் எவ்வளவு சொந்த விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். ஸவுயி நிறுவனத்தின் இசி வரிசை மவுஸ்களை பழைய தலைமுறை கவுன்டர் ஸ்ட்ரைக் (இதுவும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுதான்) ஆட்டக்காரர்கள் விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். ஹீட்டன் என்ற பெயரில் ஆடிய ஸ்வீடன் வீரர் எமில் கிறிஸ்டென்சனின் பெயரெழுத்துகள்தாம் அந்த இசி. ஆட்டக்காரர் ஒருவரின் பிடிக்கு ஏற்பச் செய்த உருவம். பளபளப்பு விளக்கு கிடையாது, பிரமாதமான எண்ணும் கிடையாது. கைக்குப் பொருந்தியவர்கள் விடவில்லை, பொருந்தாதவர்கள் தொடவில்லை.

உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு வழி உண்டு. பழைய ஆபீஸ் மவுஸ் இன்னும் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் கை வலித்ததாக நீங்கள் எழுதவில்லை. ஸ்கேலை எடுத்து அதன் நீளம், பட்டன் பக்கத்து அகலம், மேட்டின் உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மவுஸ்களின் விவரப் பக்கத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கும். அதை ஒட்டி வருவதைத் தேடுங்கள். பலரும் முதல் கேமிங் மவுஸாக வாங்கும் லாஜிடெக் ஜி102 ஏறக்குறைய 116 மில்லிமீட்டர் நீளம், 85 கிராம். பெரிய கைக்கென்று பெயர்பெற்ற ரேஸர் டெத்ஆடர் வி2 127 மில்லிமீட்டர். தாளில் பார்த்தால் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசமில்லை, கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு சாதி. கோவையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பெட்டி பிரித்து வைத்திருக்கும் கடை கிடைத்தால் பிடித்துப் பார்த்து, காற்றில் தூக்கி, தூக்கிய நிலையில் விரல் இறுகுகிறதா என்று கவனியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

தம்பி சொல்லும் 8000 ஹெர்ட்ஸுக்கு அதிக நேரம் செலவிடப்போவதில்லை. மவுஸ் ஒரு நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டரிடம் தகவல் சொல்கிறது என்பது அது. சாதா மவுஸ் 125 முறை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1000 முறை, 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. இந்த மாற்றம் உண்மையான மாற்றம், உங்களிடம் இருப்பதிலேயே அது இருக்கும். 1000இலிருந்து 8000க்குப் போனால் மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் அது புதுப் படம் காட்டவே 16.7 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வரும் நேரம், முப்பது நாற்பது மில்லிசெகண்ட் என்று காட்டினால் அது வேறு. எதிரியைக் கண்டதும் விரல் அசைய மனிதருக்குச் சராசரியாக 200 மில்லிசெகண்டுக்குமேல் ஆகும். இத்தனை வரிசையில் ஒரு மில்லிசெகண்டைத் தேடிப் பிடித்து அதற்குப் பதினைந்தாயிரம் கொடுக்கச் சொல்கிறான் உங்கள் தம்பி. கொஞ்சம் பழைய கம்ப்யூட்டராக இருந்தால் 8000 ஹெர்ட்ஸ் பிராசஸரையும் தின்று ஆட்டத்தைத் திக்கவைக்கும். அந்தப் பணம் கையில் இருந்தால் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்குங்கள், வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, மவுஸ் ஆட்டத்தைக் கூட்டுமா? ஒரு படிவரை கூட்டும். மட்டமான சென்ஸர் உள்ள மவுஸை வேகமாக வீசினால் கணக்குத் தவறி, குறி வானத்தையோ தரையையோ பார்க்கும். அதிலிருந்து ஒரு நல்ல சென்ஸருக்கு வந்தால் ஆட்டம் நிச்சயம் மாறும். இந்தப் படியைத் தாண்ட இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே மவுஸ் கிடைக்கிறது. அதற்குமேல் கொடுப்பதெல்லாம் எடைக்கும் வயர் இல்லாத சுகத்துக்கும் உருவத்துக்கும். அவை கைக்குப் பொருந்தினால் கொடுத்த காசு வீணில்லை, ஆனால் சில்வரைக் கோல்டு ஆக்குவது அவை இல்லை. 1997இல் திரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங், க்வேக் என்ற துப்பாக்கி விளையாட்டுப் போட்டியில் ஜெயித்து அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரி காரை ஓட்டிக்கொண்டு போனார். அடியில் ரப்பர் உருண்டை உருளும் மவுஸ்கள் இருந்த காலம் அது. அழுக்கு சேர்ந்தால் கழற்றி நகத்தால் சுரண்டுவோமே, அந்த வகை.

உங்கள் ரேங்கில் ஆட்டத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் மவுஸை அசைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. மூலை திரும்பும்போது க்ராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் இருக்கும் குறி, எங்கே இருக்கிறது? தரையைப் பார்த்துக்கொண்டே ஓடி, ஆளைக் கண்டதும் தூக்குகிறீர்களா, இல்லை தலை வரப்போகும் உயரத்தில் முன்பே வைத்திருக்கிறீர்களா? தம்பியை உங்கள் பின்னால் உட்காரவைத்து ஒரு டெத்மேட்ச் (எல்லோரும் எல்லோரையும் சுடும் ஆட்டம்) முழுக்க இதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கிண்டலுக்கு அவகாசம் இருக்கிறவனுக்கு இதற்கும் இருக்கும்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். வயர்லெஸ் டாங்கிளை, கம்ப்யூட்டரில் செருகும் அந்தச் சின்ன ரிசீவரை, சிபியூவின் பின்னால் யூஎஸ்பி 3 போர்ட்டில், ஹார்டு டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் மாற்றுங்கள். அந்தப் போர்ட்டிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும், மவுஸ் திடீரென்று திணறும். பெட்டியில் நீட்டிப்பு கேபிள் வந்திருக்கும், அதில் மாட்டி மவுஸ்பேடுக்குப் பக்கத்தில் வையுங்கள். மவுஸை ப்ளூடூத்தில் போட்டு ஆடாதீர்கள்.

வலி விரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு ஏறினாலோ, இரவில் விரல் மரத்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பகல் முழுக்கவும் அதே கையில்தான் மவுஸ் பிடிக்கிறீர்கள்.

ஒரு மாதம் 800, 0.4இல் ஆடிய பிறகும் மோதிர விரல் இறுகினால் மவுஸை விற்றுவிடுங்கள். பெட்டி, டாங்கிள், பில் மூன்றும் இருந்தால் பழைய மவுஸுக்கு நல்ல விலை கிடைக்கும். டாங்கிள் தொலைந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், இப்போதே எங்கே இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.