ஆயில் ஒழுகுகிறதா? கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: எங்களுடையது எட்டு வருடப் பழைய 7 சீட்டர் டீசல் எஸ்யூவி. 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக, நிறுத்தும் இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டுகிறது. சர்வீஸ் சென்டரில், "பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், கிளட்ச் செட்டும் சேர்த்து மாத்திடுங்க" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கோ, டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இருவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் எஞ்சினைச் சுத்தம் செய்து, ஆயில் கிளம்பும் இடத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டும்வரை இரண்டும் ஊகம்தான். ஊகத்துக்கு 38,000 ரூபாய் கொடுக்காதீர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆயில் கசியும் இடத்திலேயே சொட்டாது. கசிந்தது கீழே வழியும். ஓட்டத்தில் அடிக்கும் காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின் ஓரத்தில் கசிவு இருந்தால், எஞ்சினின் பின்புறமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில்தான் சொட்டும். கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் பின்பக்க சீல். அது போனாலும் அதே இடம்தான். கீழே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அடியில் பிளாஸ்டிக் கவர் உள்ள வண்டியில், ஆயில் அதில் தேங்கி வேறெங்கோ சொட்டும்.

முதலில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கடைசியாக ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியதா? அப்படியென்றால் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஆயில் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றிவிட்டாலும் ஒழுகும்.

அது இல்லையென்றால், அடிக் கவரைக் கழற்றி எஞ்சினை டிகிரீசர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர்கள் மேல் பிரஷர் வாஷர் அடிக்க விட வேண்டாம். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி சிறிது தூரம் ஓட்டிவிட்டு, லிஃப்ட்டில் ஏற்றி, நீங்களும் அருகில் நின்று பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னே இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் ஊற்று. அப்படியும் தெரியாவிட்டால் ஆயிலில் கலக்கும் யூவி சாயம் இருக்கிறது. அதை ஊற்றி ஓட்டிவிட்டு யூவி விளக்கு அடித்தால் கசிந்த தடம் பளிச்சென்று ஒளிரும். டேப்பெட் கவர், டர்போவுக்குப் போய்வரும் ஆயில் பைப், ஆயில் கூலர் சீல், சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆகிய எல்லாம் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் உள்ளிருந்து மட்டும் ஆயில் வந்தால், சர்வீஸ் சென்டர் சொன்னதற்கு வலு இருக்கிறது. அப்போதும் விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்கலாம். கியர் ஆயிலுக்கான சீல் வேறு.

கிளட்ச் பற்றி. அதையும் சேர்த்து மாற்றச் சொல்வதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். இந்த வேலையில் செலவு கூலியில்தான் இருக்கிறது, சீலில் இல்லை. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே தேய்ந்த கிளட்சை மாற்றினால் இரண்டாவது கூலி மிச்சம். ஆனால் கழற்றிய கிளட்ச் தட்டைப் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் சீல், கிளட்ச், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பிரீதர். எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே விடும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏதாவது ஒரு சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அதைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் மறுபடி அதே சொட்டு. இதே காரணத்தால்தான் வயதான டீசல் வண்டிகளில் ஒரு சீல் மாற்றியதும் இன்னொன்று ஒழுகுவதைப் பார்க்கிறோம். எந்த வேலைக்குச் சம்மதித்தாலும் பிரீதரைச் சோதித்ததாக ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவம் ஒன்றை ஆயிலில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றிவிட்டு இப்படியே ஓட்டலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: அந்தத் திரவங்களில் பெரும்பாலானவை இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊற வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கோ நசுங்கிய பேக்கிங்குக்கோ பயன்படாது. மேலோட்டமான ஈரம் மட்டும் இருந்தால் வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர்தான், எனவே கீழ்க் கோட்டுக்கு விடாதீர்கள். கருகும் நாற்றம் வந்தால் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் விழுகிறது என்று பொருள். தீப்பிடிக்கும் அபாயம் அது, தள்ளிப்போட வேண்டாம். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்றுகூட நினைக்காமல், ஓரம் கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.

அப்புறம், பேக்கிங்குக்குப் பதில் சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய துண்டுகள் சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் ஜல்லடையை அடைக்கும். பேஸ்ட் போட்டே பொருத்தும் சம்ப்களும் உண்டு. அவற்றுக்கும் மெல்லிய, சீரான கோடு போதும்.

கேள்வி: மலைப்பாதையில் கல் அடித்து சம்ப் ஓட்டையாகிவிட்டது. கவனிக்காமல் ஓட்டியதில் எஞ்சின் ஜாம். இன்சூரன்ஸில் சம்ப்புக்கு மட்டும்தான் தருவார்களாம். இது நியாயமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வருத்தமான செய்திதான், ஆனால் வழக்கமான முழு பாலிசியில் நடைமுறை அதுதான். கல் அடித்தது விபத்து. ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் கெட்டதைப் பின்விளைவு என்று தனியாகப் பிரிக்கிறார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் நிலைமை மாறலாம். பாலிசி ஆவணத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பாலிசிக்குக் கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஓட்டையான பழைய சம்ப்பைப் பட்டறையில் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சாட்சி.